எட்டு நாள் கூண்டும் ஒரு நாள் சத்திரசிகிச்சையும்: பிரான்சில் விலங்குக் காப்பகங்களுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

பாரிஸில் எங்கள் ஆட்களிடம் "ஃபூரியேர்" என்று சொன்னால் வாகனம்தான் நினைவுக்கு வரும். பிழையான இடத்தில் நிறுத்திய வாகனத்தை இழுத்துக்கொண்டுபோய் வைத்திருந்து, இழுத்த கூலியும் நாள் வாடகையும் வாங்கிக்கொண்டு திருப்பித் தரும் இடம். அதே பெயரில், ஏறக்குறைய அதே கட்டண முறையில், நாய்க்கும் பூனைக்கும் ஓர் இடம் இருக்கிறது. வீட்டுப் பூனை காணாமற்போன பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

கடைகளுக்குக் கணக்கு எழுதும் எங்களுக்கும் அது ஒரு பற்றுச்சீட்டின் வழியாகத்தான் தெரியவந்தது. லாச்சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், சில வருடங்களுக்கு முன் மாதக் கணக்குக் கட்டோடு அதையும் கொண்டுவந்திருந்தார். "அண்ணை, இதை எந்தச் செலவில போடுறது?" என்று கேட்டார். பிடித்த கூலி, வைத்திருந்த நாட்களுக்கான கட்டணம், மைக்ரோசிப் பதித்த செலவு என்று மூன்று வரிகள் இருந்தன.

கடையின் நிலவறையில் எலித் தொல்லைக்காக விட்டிருந்த பூனை அது. பதிவும் இல்லை, கருத்தடையும் இல்லை. இரண்டாம் தடவை குட்டி போட்டபோது, தாயும் குட்டிகளும் வீதிக்கு வர, யாரோ அறிவித்து, பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைகள் அழுதபடியால் தம்பி தாய்ப்பூனையை மட்டும் மீட்டெடுத்தார். உணவுப் பொருள் வைக்கும் இடத்தில் வீட்டு விலங்கு நுழையக்கூடாது என்பது ஐரோப்பிய உணவுச் சுகாதார விதி. ஆகவே இதைக் கடைச் செலவில் போட முடியாது என்று சொல்லிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அதன் கூட்டுத்தொகை மனதில் நின்றுவிட்டது. முதலிலேயே கருத்தடை செய்திருந்தால் அதைவிடக் குறைந்த செலவில் முடிந்திருக்கும்.

அந்தத் தம்பியின் சீட்டில் இருந்த பிழைதான் நாட்டின் கணக்கிலும் இருக்கிறது. பிடிக்கவும் அடைக்கவும் பணம் கட்டாயமாகப் போகிறது. பிறக்காமல் தடுக்க விரும்பினவர் கொடுக்கிறார். ஊருக்குப் பணம் அனுப்பும் நாங்களும் இதே பிழையை விடக்கூடியவர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விபரமாக எழுதுகிறோம்.

ஃபூரியேர் வேறு, காப்பகம் வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஃபூரியேர் என்பது பொதுச் சேவை. வீதியில் திரியும் நாய் பூனைகளைப் பிடித்து, உரிமையாளர் வரும்வரை வைத்திருக்கும் இடம். அதற்கான பொறுப்பு நகரசபையுடையது. நகரசபை தானே நடத்தலாம், பக்கத்து நகரசபைகளுடன் சேர்ந்து நடத்தலாம், அல்லது ஒரு சங்கத்திடமோ தனியார் நிறுவனத்திடமோ ஒப்பந்தத்தில் கொடுக்கலாம். பாரிஸ் நகரம் மட்டும் விதிவிலக்கு. இங்கே இது பொலிஸ் தலைமையகமான பிரெஃபெக்தூரின் கையில் இருக்கிறது. பாரிஸில் பிடிபடும் விலங்குகள் வடக்குப் புறநகரான ஜென்விலியேக்குக் கொண்டுபோகப்படுகின்றன.

காப்பகம், அதாவது 'ரெஃபூஜ்', வேறு. அது பெரும்பாலும் சங்கங்கள் நடத்துவது. கைவிடப்பட்ட விலங்குகளை ஏற்று, வைத்தியம் பார்த்து, புதிய வீடு தேடிக் கொடுக்கும் இடம். இவற்றில் மிகப் பழமையானதும் பெரியதும் 1845இல் பாரிஸில் தொடங்கப்பட்ட விலங்குப் பாதுகாப்புச் சங்கம். எல்லோரும் 'எஸ்.பே.ஆ.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது ஆண்டுக்கு 40,000க்கு மேற்பட்ட விலங்குகளை ஏற்கிறது. அந்தச் சங்கத்தின் பெயர்பெற்ற காப்பகமும் ஜென்விலியேயிலேயே இருப்பதால், பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாறிப் போய் நிற்பதுண்டு.

"ரெஃபூஜ்" என்ற சொல்லுக்கும் எங்களைக் குறிக்கும் "ரெஃபூஜியே" என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே. அந்தச் சொல்லை வதிவிட அட்டையில் சுமந்து திரிந்த எங்களுக்கு, அந்தப் படலைக்கு வெளியே நின்று உள்ளே பார்க்கும்போது மனம் ஒருமாதிரித்தான் இருக்கும்.

சட்டத்தில் "வேண்டும்" எங்கே, "முடியும்" எங்கே

பிரெஞ்சுக் கிராமியச் சட்டக்கோவையில் மூன்று பிரிவுகளைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

பிரிவு எல்.211-24: ஒவ்வொரு நகரசபைக்கும் ஒரு ஃபூரியேர் இருக்க வேண்டும், அல்லது வேறு நகரசபையின் ஃபூரியேரைப் பயன்படுத்த வேண்டும். இது கட்டாயம்.

பிரிவு எல்.211-25: பிடிபட்ட விலங்கை எட்டு வேலைநாட்கள் வைத்திருக்க வேண்டும். அதற்குள் உரிமையாளர் வந்து செலவைக் கட்டி மீட்கலாம். வராவிட்டால் அந்த விலங்கு கைவிடப்பட்டதாகக் கொள்ளப்பட்டு ஃபூரியேரின் உடைமையாகிவிடும். பிறகு அதைக் காப்பகம் உள்ள ஒரு சங்கத்திடம் இலவசமாக ஒப்படைக்கலாம். மிருக வைத்தியர் அவசியம் என்று கண்டால் கருணைக்கொலையும் செய்யப்படலாம்.

பிரிவு எல்.211-27: பொது இடங்களில் கூட்டமாக வாழும் உரிமையாளரற்ற பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, அடையாளம் பதித்து, பிடித்த இடத்திலேயே விடுவதற்கு மேயர் உத்தரவிட முடியும். தானாகவும் செய்யலாம், ஒரு சங்கம் கேட்டும் செய்யலாம். செய்யாமலும் விடலாம்.

கணக்குப் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும். கட்டாயச் செலவு வரவு செலவுத் திட்டத்தில் முதலில் எழுதப்படும். விருப்பச் செலவு மிச்சம் இருந்தால் எழுதப்படும். அநேகமாக மிச்சம் இருக்காது.

2021 நவம்பர் 30ஆம் திகதி வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பல விடயங்களில் கடுமையானது. கொடுமைப்படுத்தலுக்கும் கைவிடலுக்கும் 3 வருடச் சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரை தண்டனை விதிக்கலாம். விலங்கு இறந்துபோனால் 5 வருடமும் 75,000 யூரோவும். 2024 ஜனவரி 1 முதல் விலங்குக் கடைகளில் நாய் பூனை விற்கத் தடை வந்தது. ஆனால் கட்டாக்காலிப் பூனைகளின் கருத்தடை விடயத்தில் அந்தச் சட்டம் கட்டாயம் என்று எழுதவில்லை. விரும்பிய நகரசபைகள் அரசுடன் உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என்று ஐந்து வருடப் பரீட்சார்த்த முறையாக விட்டுவிட்டது.

பொதுப் பணம் வரும் நான்கு வாசல்கள்

"அரசாங்கம் காப்பகங்களுக்குப் பணம் கொடுக்கிறதா?" என்று கேட்டால் சங்கங்கள் இல்லை என்றுதான் சொல்லும். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் நான்கு வாசல்கள் தெரிகின்றன.

முதலாவது, நகரசபையின் ஃபூரியேர் ஒப்பந்தம். பெரும்பாலும் குடித்தொகைக் கணக்கில், தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுக்கு ஆண்டு கட்டப்படும் தொகை. இது எங்கள் உள்ளூர் வரியிலிருந்து போவது.

இரண்டாவது, மறைவான வாசல்: வரிக்கழிவு. பொதுநலச் சங்கத்துக்கு 100 யூரோ நன்கொடை கொடுத்தால் வருமான வரியில் 66 யூரோ குறையும். வரிக்குரிய வருமானத்தில் 20 வீதம் வரை இந்தக் கழிவு உண்டு. அதாவது கொடுத்தவரின் பையிலிருந்து 34 யூரோவும் அரசின் பெட்டியிலிருந்து 66 யூரோவும் போகின்றன. மரணசாசனத்தில் எழுதிவைக்கும் சொத்துக்கும் இப்படித்தான். பொதுப்பயன் உடையதென அங்கீகரிக்கப்பட்ட விலங்குப் பாதுகாப்புச் சங்கத்துக்குப் போகும் மரணசாசனச் சொத்துக்கு வாரிசு வரி கிடையாது. எஸ்.பே.ஆ. போன்ற பெரிய சங்கங்கள் வாழ்வதே பெரும்பாலும் இந்த மரணசாசனங்களாலும் நன்கொடைகளாலும்தான். அரசு நேரடியாகக் கொடுக்காவிட்டாலும், வாங்காமல் விட்ட வரியும் பொதுப் பணம்தான்.

மூன்றாவது, எப்போதாவது திறக்கும் வாசல். கொரோனாக் காலத்தில் வந்த 'பிரான்ஸ் ரிலான்ஸ்' மீட்புத் திட்டத்தில் கைவிடப்பட்ட விலங்குகளுக்கென 2 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி காப்பகக் கட்டடங்களைத் திருத்தவும் தளபாடங்கள் வாங்கவும் போனது. பிறகு 2024 வரவு செலவுத் திட்டத்தில் கட்டாக்காலிப் பூனைகளுக்காக நகரசபைகளுக்கு உதவ 30 இலட்சம் யூரோ வந்தது. பெரிய தொகைபோலத் தெரியும். பிரான்சில் நகரசபைகள் சுமார் 35,000. வகுத்துப் பாருங்கள், ஒரு நகரசபைக்கு 86 யூரோகூட வராது. ஒரு பெட்டைப் பூனையின் சத்திரசிகிச்சைக்கே அது போதாது.

நான்காவது, பங்குக்குப் பங்கு போடும் வாசல். சில நகரசபைகள் தாங்களாகவே கருத்தடைக்குப் பணம் ஒதுக்குகின்றன. 'திரந்த் மில்லியோன் தாமி' போன்ற அறக்கட்டளைகள் நகரசபையுடன் ஒப்பந்தம் செய்து, செலவில் பாதியைத் தாங்கள் ஏற்கின்றன. உள்ளதிலே பலன் தருவது இதுதான். ஆனால் மேயரும் சங்கமும் மனம் வைத்தால்தான் நடக்கும்.

பணம் திரும்பி வெளியே போகும் வாசலும் ஒன்று உண்டு. பிரான்சில் மிருக வைத்தியரின் சேவைக்கு 20 வீதம் பெறுமதி சேர் வரி. வியாபார நிறுவனம் என்றால் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்கலாம். சாதாரண சங்கம் கேட்க முடியாது. ஒரு சங்கம் நன்கொடையாக வந்த காசில் 120 யூரோ கொடுத்துப் பூனைக்குக் கருத்தடை செய்தால் அதில் 20 யூரோ திறைசேரிக்குப் போய்விடும்.

நாய்க்கென்று ஒரு தனி வரியும் முன்னர் இங்கே இருந்தது. 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி நாய் வைத்திருப்பவர் ஆண்டுக்கு 1 முதல் 10 பிராங்க் வரை நகரசபைக்குக் கட்ட வேண்டும். 1971இல் அது நீக்கப்பட்டது. ஜெர்மனியில் இன்றும் நாய் வரி உண்டு. அங்கே வசிக்கும் எங்கள் உறவினர் பலருக்கு அது நன்றாகத் தெரியும். பேர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. ஆனால் அந்தக் காசு காப்பகத்துக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. நகரத்தின் பொதுக் கணக்கில்தான் சேர்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு

இதை எண்ணில் பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் எந்த நகரசபையினதும் உண்மைக் கணக்கு அல்ல. விளக்கத்துக்காக நாங்கள் வைத்துக்கொண்ட எண்கள்.

ஒரு சிறு நகரத்தின் பூங்காவில் 10 பூனைகள் இருக்கின்றன என்று வைப்போம். 6 பெட்டை, 4 கடுவன். எல்லாவற்றுக்கும் கருத்தடையும் மைக்ரோசிப்பும் செய்ய ஒன்றுக்குச் சராசரி 120 யூரோ என்றால் மொத்தம் 1,200 யூரோ. அடுத்த நான்கு வருடங்களில் ஆண்டுக்கு 2 புதிய பூனைகள் வந்து சேர்ந்தால் அதற்கு இன்னும் 960. ஐந்து வருடத்தில் 2,160 யூரோ.

ஒன்றும் செய்யாமல் விட்டால்? 6 பெட்டைகள், ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு 4 குட்டி என்றால் 48 குட்டிகள். பாதி குளிரிலும் நோயிலும் செத்துவிடும் என்று எடுப்போம். மிச்சம் 24இல் பாதி, 12 குட்டிகள், ஃபூரியேருக்குப் போகின்றன. சட்டம் சொல்வது எட்டு வேலைநாட்கள். சனி, ஞாயிறு என்று பூனை சாப்பிடாமல் இருக்காது. ஆகவே எட்டு வேலைநாட்கள் என்பது குறைந்தது பத்து நாள் சாப்பாடு. நாளுக்கு 15 யூரோ என்றால் ஒரு குட்டிக்கு 150. பன்னிரண்டுக்கு ஆண்டுக்கு 1,800. ஐந்து வருடத்தில் 9,000 யூரோ. அந்தக் குட்டிகள் வளர்ந்து போடும் குட்டிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

2,160க்கும் 9,000க்கும் இடையில் இவ்வளவு தூரம் இருந்தும் ஏன் இரண்டாவது வழியில் போகிறார்கள்? முதலாவது தொகை இந்த வருடமே கையிலிருந்து கொடுக்க வேண்டியது, அதைக் கேட்டு சபையில் ஒருவர் எழுந்து வாதாட வேண்டும். இரண்டாவது ஏற்கெனவே ஒப்பந்தத்துக்குள் கரைந்து கிடக்கிறது. யாரும் கேள்வி கேட்பதில்லை.

20,736 என்ற எண்

மிருக வைத்தியரின் காத்திருப்பறையில் ஒரு சுவரொட்டியைப் பலர் கண்டிருப்பீர்கள். கருத்தடை செய்யாத ஒரு சோடிப் பூனையிலிருந்து நான்கு வருடத்தில் 20,736 பூனைகள் என்று அதில் இருக்கும். அந்த எண்ணைக் கணக்காளர் கண்ணால் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். 12, 144, 1,728, 20,736. ஒவ்வொரு வருடமும் 12ஆல் பெருக்கியிருக்கிறார்கள். ஒரு குட்டிகூடச் சாகாது என்று வைத்துப் போட்ட கூட்டுவட்டிக் கணக்கு அது.

உண்மை வீதியில் அப்படி நடப்பதில்லை. அநேக குட்டிகள் முதல் மாதங்களிலேயே இறந்துவிடுகின்றன. ஆகவே அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதற்காகப் பிரச்சினை சிறியது என்றும் ஆகாது. அந்த எண்ணுக்கும் நாம் வீதியில் காண்பதற்கும் இடையில் விடுபட்டுப்போனவை செத்த குட்டிகள்தான்.

லொஸ் ஏஞ்சல்ஸ், சென்னை, யாழ்ப்பாணம்

பொதுப் பணத்தைத் தடுப்புக்குச் செலவிடலாம் என்று முதலில் காட்டிய நகரங்களில் ஒன்று லொஸ் ஏஞ்சல்ஸ். 1971இல் அங்கே மாநகர நிர்வாகமே குறைந்த கட்டணத்தில் கருத்தடை செய்யும் நிலையத்தைத் திறந்தது.

சென்னையின் கதை அதற்கும் முந்தியது. 1959இல் தொடங்கிய 'புளூ கிராஸ்' அமைப்பு, நாய்களைப் பிடித்துக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து விடும் முறையை 1964இலேயே முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2001இல் இந்திய மத்திய அரசு அதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது. 2023இல் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன. 2025 ஓகஸ்ட் 11இல் இந்திய உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஓகஸ்ட் 22இல் அந்த உத்தரவை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, நோயுற்றவையும் மூர்க்கமானவையும் தவிர்ந்த மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அத்தனை நாய்களுக்கும் கூண்டு கட்டி ஆயுள் முழுக்கச் சோறு போட எந்த மாநகராட்சியாலும் முடியாது என்ற கேள்வி அந்தப் பதினொரு நாளும் எல்லோர் வாயிலும் இருந்தது.

இலங்கையில் சட்டம் பழையது. விசர்நாய்க்கடி நோய்க்கான கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டு, நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டு. விலங்கு வதைக்கு எதிரான சட்டம் 1907ஆம் ஆண்டு, அதில் எழுதப்பட்ட அபராதம் 100 ரூபாய். நாங்கள் சிறுவராக இருந்தபோது "நாய் பிடிக்கிற வண்டி வருது" என்று யாரும் சொன்னால் ஓடிப்போய் வீட்டு நாயைப் பிடித்து உள்ளே கட்டுவோம். 2006இல் கொல்லாமைக் கொள்கை வந்தது. அதன் பிறகு நோயைக் கட்டுப்படுத்தும் வழி தடுப்பூசியும் கருத்தடையும்தான். 1970களில் இலங்கையில் விசர்நாய்க்கடியால் ஆண்டுக்கு 300க்கு மேற்பட்டோர் இறந்த காலம் இருந்தது. இப்போது அது சில பத்துகளுக்கு இறங்கியிருக்கிறது. நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊசி போட்ட நாய்களின் இடத்தை ஊசி போடாத குட்டிகள் வந்து நிரப்பிக்கொண்டே இருந்தால் அந்த 70 வீதம் நிற்காது. கருத்தடை மனித உயிரையும் காக்கிறது என்பது இதனால்தான்.

வடக்கில் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் இருப்பது எங்களில் பலருக்குத் தெரியும். ஆதரவற்ற விலங்குக்கு ஒரு நேரச் சோறும் நிழலும் கொடுப்பது பெரிய தருமம். அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சரணாலயம் எவ்வளவு பெரிதானாலும், ஒழுங்கை ஒழுங்கையாகப் பிறக்கும் குட்டிகளுக்கு முன்னால் அது சிறிதாகத்தான் இருக்கும்.

"பாவம்" என்ற சொல்

எங்கள் வீடுகளில் கருத்தடை என்று கதைத்தால் அம்மாமார் முதலில் சொல்வது "அது பாவம்" என்பதைத்தான். அந்த மனதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் ஊரில் நாங்கள் செய்ததையும் மறக்கக்கூடாது. பெட்டைக் குட்டியை யாரும் வளர்க்க மாட்டார்கள். கடுவனை வைத்துக்கொண்டு, பெட்டைகளைச் சாக்கில் போட்டுக் கட்டி, சைக்கிளில் கொண்டுபோய்ச் சந்தையடியிலோ கோயிலடியிலோ விட்டுவிட்டு, அவை பின்னால் ஓடிவராதபடி வேகமாக மிதித்து வந்தவர்கள் நாங்கள். அதைப் பாவம் என்று அன்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் சத்திரசிகிச்சை அதைவிடப் பாவமா என்பதை ஒவ்வொருவரும் தங்கள் மனதிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் குடும்பங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை

1. அடையாளப் பதிவு கட்டாயம். நான்கு மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கும், 2012க்குப் பின் பிறந்த, ஏழு மாதத்துக்கு மேற்பட்ட பூனைக்கும் மைக்ரோசிப் அல்லது பச்சை குத்திய இலக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 750 யூரோ வரை அபராதம் வரலாம். வீடு மாறினால், தொலைபேசி இலக்கம் மாறினால், 'ஈ-காட்' என்ற தேசியப் பதிவேட்டில் மாற்றுங்கள். பழைய இலக்கத்துக்கு அழைத்துப் பார்த்துவிட்டு, எட்டு நாளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

2. விலங்கு காணாமற்போனால் அன்றே உங்கள் நகரசபையிடம் எந்த ஃபூரியேர் என்று கேளுங்கள். பாரிஸ் என்றால் பிரெஃபெக்தூரிடம். காப்பகத்துக்குப் போய்க் காத்திருந்து நாளை வீணாக்காதீர்கள்.

3. முதன்முதலாக நாயோ பூனையோ எடுப்பவர், இலவசமாக எடுத்தாலும், பொறுப்பேற்புச் சான்றிதழில் ஒப்பமிட்டு ஏழு நாட்கள் பொறுத்தே எடுக்க வேண்டும். பிறந்தநாள் பரிசாகப் பிள்ளைக்கு நாய்க்குட்டி வாங்க நினைப்பவர்களுக்கு அந்த ஏழு நாளும் நல்ல நாட்கள்.

4. வீட்டுப் பூனையின் குட்டிகளை விற்று நாலு காசு பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். 2016 முதல், வம்சப் பதிவேட்டில் இல்லாத விலங்கின் ஒரு குட்டியை விற்றாலும் நீங்கள் வளர்ப்பாளராகக் கருதப்படுவீர்கள். வியாபாரப் பதிவு இலக்கம் தேவை.

5. வாடகை வீட்டில் விலங்கு வைத்திருக்கக்கூடாது என்று பொதுவாகத் தடை போட வீட்டுச் சொந்தக்காரருக்கு உரிமை இல்லை. 1970 ஜூலை 9ஆம் திகதிச் சட்டம் அதைச் சொல்கிறது. சமூக வீடுகளுக்கும் அது பொருந்தும். ஆனால் விலங்கால் வரும் சேதத்துக்கும் அயலவருக்கு வரும் தொல்லைக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

6. நன்கொடை கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்கி வரிப் படிவத்தில் எழுதுங்கள். 66 வீதம் என்பது வரியில் குறைப்பு. வரியே கட்டாத குடும்பத்துக்குக் காசாகத் திருப்பித் தரமாட்டார்கள். இலங்கையில் உள்ள அமைப்புக்கு நேரடியாக அனுப்பும் பணத்துக்கும் இந்தக் கழிவு கிடையாது.

7. கொடுக்கும் முன் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 153,000 யூரோவுக்கு மேல் நன்கொடை வாங்கும் சங்கம் தன் கணக்கை வெளியிட வேண்டும், கணக்காய்வாளரையும் நியமிக்க வேண்டும். அதில் "கருத்தடை" என்ற வரி எங்கே இருக்கிறது, எவ்வளவு என்று தேடுங்கள். அது இல்லாவிட்டால் ஏன் என்று கேளுங்கள்.

ஊருக்கு அனுப்பும் காசு

கடைசியாக ஒன்று. ஊரில் கட்டடம் கட்டக் காசு கேட்டால் எங்கள் ஆட்கள் கொடுப்பார்கள். திறப்பு விழா இருக்கும், கல்வெட்டில் அப்பாவின் பெயர் இருக்கும், படம் வரும். கருத்தடை முகாமுக்குக் கல்வெட்டு இல்லை. பிறக்காத குட்டியை யாரும் படம் எடுத்து அனுப்ப முடியாது. அதனால்தான் அதற்குக் காசு சேர்வதில்லை. இங்கே நகரசபையில் நடப்பதும் இதுதான்.

விலங்குகளுக்கென்று ஒதுக்க நினைப்பவர்களுக்கு எங்கள் யோசனை எளிமையானது. நூறு யூரோ அனுப்பினால், அதில் பாதியையாவது உங்கள் ஊரில் நடக்கும் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். எத்தனை நாய்க்குச் செய்தார்கள், அதில் எத்தனை பெட்டை என்று எண்ணிக்கை கேளுங்கள். மிச்சப் பாதி சோற்றுக்கும் கூரைக்கும் போகட்டும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது நாய்களை யாரும் ஏற்ற முடியவில்லை. கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. சில நாய்கள் சனத்தோடு சனமாகக் கொஞ்சத் தூரம் நடந்துவந்தன. அந்த நாய்களுக்கு இனி எதுவும் செய்ய முடியாது. ஆனால் அப்படி ஆள் இல்லாமல் வீதியில் நிற்கும் இன்னொரு தலைமுறை பிறக்காமல் பார்த்துக்கொள்ள இன்று எங்களிடம் காசும் இருக்கிறது, வழியும் தெரிகிறது.

லாச்சப்பல் தம்பியின் பூனை இப்போது கடையில் இல்லை. கருத்தடை செய்து, பதிவு எடுத்து, வீட்டில் பிள்ளைகளோடு இருக்கிறது. போன வருடம் கணக்குக் கட்டோடு அதன் வைத்தியச் சீட்டும் தவறி வந்துவிட்டது. அதையும் திருப்பிக் கொடுத்தோம்.